எவர் கையில் அளவுகோல்?

பள்ளிமுனைக்கு வருகின்ற வெளியூரார் முதலிற் காண விரும்புவது இங்கு நிற்கும் பெருக்கமரத்தையே. அராபிய வணிகர் கொணர்ந்து நட்டது என வழிவழியாகச் சொல்லப்படும் அம்மரத்தைச் சுற்றி வந்து, படம் எடுத்துக்கொண்டு, அவர்கள் மன்னார் நகருக்குத் திரும்பிவிடுவர். மரத்துக்கு அப்பால் இருக்கும் குடியிருப்பையும், விடியுமுன் கடலுக்குப் போகும் தந்தையரையும், வலையிலிருந்து மீன் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பாடசாலைக்கு ஓடிவரும் பிள்ளைகளையும் அவர்கள் காண்பதில்லை. அந்தப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் தொழில் எம்முடையது. ஆகவே அவர்களைப் பற்றி எழுதும் கடமையும் எம்மைச் சார்ந்தது.

சாதாரண தரம் வரை எம்மிடம் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி, பின்னர் கணிதப் பிரிவிற் படித்து, பொறியியற் பீடமொன்றுக்குத் தெரிவானாள். அவள் தந்தை கடற்றொழிலாளி. குடும்பத்தில் அவளுக்கு முன் எவரும் பல்கலைக்கழகத்தின் படியை மிதித்ததில்லை. முதலாம் ஆண்டு விடுமுறைக்கு வந்தவள் எம்மைக் காண வீடு தேடி வந்தாள். நலம் விசாரித்தபின் நெடுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: “சேர், நான் இன்னொருத்தரின்ர இடத்தைப் பறிச்சிட்டனா?”

விசாரித்ததில் விடயம் தெரிந்தது. விடுதியில் அவளுக்குப் பெயர் இல்லை. “கோட்டாவில வந்தவ” என்பதே பெயர். அதைச் சொன்னவர்கள் சிங்கள மாணவிகள் மட்டுமல்லர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த தமிழ் மாணவி ஒருத்தி, தன் அண்ணன் இவளைவிடக் கூடிய புள்ளி பெற்றும் வீட்டில் இருக்கிறான் என்றும், தரப்படுத்தல் என்ற பாவத்தால் தமிழினம் அழிந்தது என்றும், அதே தரப்படுத்தலாற் பிழைப்பவர்கள் மன்னாரார் என்றும் சொல்லியிருக்கிறாள்.

பத்தொன்பது வயதுப் பெண்ணின் தலைமேல் எத்துணைப் பெரிய வரலாற்றை ஏற்றிவிட்டார்கள்! அவள் கேட்ட கேள்விக்கு அன்று நாம் ஆறுதல் மொழி சொல்லி அனுப்பினோம். ஆறுதல் விடையாகாது. விடையை இங்கே கூற முயல்கின்றோம்.

முதலிற் சொல்ல வேண்டியது இது: ‘தரப்படுத்தல்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு செயல்கள் அடைத்து வைக்கப்பட்டுள்ளன. ஒன்று அநீதி, மற்றது, குறைபாடுகள் உடையதாயினும், நியாயத்தின் பக்கம் நிற்பது. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவதால் இலாபம் அடைவோர் இரு சாரார். அநீதி இழைத்தவர்கள், பின்தங்கியோருக்கு உதவினோம் என்று அதனை மூடி மறைக்கின்றனர். அநீதிக்கு ஆளானோரின் பெயரால் பேசும் வசதி படைத்தவர்களோ, பின்தங்கியோருக்குக் கிடைத்ததையும் அநீதி என்று பட்டியலிடுகின்றனர். இவ்விரு சாராருக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்டவள் எம் மாணவி.

வரலாற்றைப் பார்ப்போம்.

1970 மே மாதத்தில் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. அவ்வாண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் சிங்கள மொழிமூலம் பரீட்சை எழுதியோருக்கு ஒரு வெட்டுப்புள்ளியும், தமிழ் மொழிமூலம் எழுதியோருக்கு அதைவிட உயர்ந்த வெட்டுப்புள்ளியும் வகுக்கப்பட்டன. மருத்துவத்துக்கு, மொத்தம் 400 புள்ளிகளில், சிங்கள மாணவன் 229 பெற்றால் உள்ளே செல்லலாம்; தமிழ் மாணவன் 250 பெற வேண்டும். பொறியியலுக்கு முறையே 227, 250. தமிழ்ப் பரீட்சகர்கள் தம் மாணவருக்குப் புள்ளிகளை வாரி வழங்கினர் என்றொரு வதந்தி பரப்பப்பட்டது, அது மெய்ப்பிக்கப்படவில்லை. மெய்ப்பிக்கப்படாத குற்றத்துக்குத் தண்டனை மட்டும் நிறைவேற்றப்பட்டது. தண்டனை பெற்றவர்கள் பதினெட்டும் பத்தொன்பதும் வயதான மாணவர்கள்.

இவ்வளவுகோல் மாணவனிடம் எதைக் கேட்டது? நீ எந்த ஊரில், எத்தகைய பாடசாலையிற் படித்தாய் என்று கேட்டதா? உன் பாடசாலையில் ஆய்வுகூடம் உண்டா, உன் வீட்டில் விளக்கு உண்டா என்று கேட்டதா? இல்லை. நீ எம்மொழியிற் பரீட்சை எழுதினாய் என்று மட்டும் கேட்டது. அன்றைய இலங்கையில் அது, நீ எவ்வினத்தவன் என்று கேட்பதன் மறுவடிவமே. கொழும்பு நகரின் செல்வந்தச் சிங்களக் குடும்பத்துப் பிள்ளைக்கு 229. மடுக்காட்டுக் கிராமத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தமிழ்ப் பிள்ளைக்கு 250. இதைப் பின்தங்கியோருக்கான உதவி என்று சொல்வதற்கு எவருக்கும் நாக்கூச வேண்டும்.

இவ்விடத்தில் முற்போக்காளராகிய நாம் எமது வீட்டையும் கூட்டிப் பெருக்க வேண்டியிருக்கிறது. அவ்வரசாங்கம் சுதந்திரக் கட்சியின் தனியாட்சி அன்று. லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அவ்வமைச்சரவையில் அமர்ந்திருந்தன. 1956 இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து, இரு மொழிக்கும் சமநிலை கேட்டு வாதாடிய அதே கட்சிகள் அவை. பதினான்கு ஆண்டுகளில் எங்கே போயிற்று அந்தக் குரல்? வர்க்கத்தைப் பற்றிப் பேசியவர்கள், வர்க்கத்தைச் சிறிதும் கருதாது மொழியை மட்டும் கருதிய அளவுகோலுக்குத் துணை நின்றார்கள். இதனை ஒப்புக்கொள்ளாத இடதுசாரியின் பேச்சை வடக்கு, கிழக்கு இளைஞர் நம்ப மாட்டார்கள். நம்ப வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை. 1970 இலேயே தமிழ் மாணவர் பேரவை தோன்றியதும், அடுத்து வந்த ஆண்டுகளில் இளைஞர் எப்பாதையில் நடந்தனர் என்பதும் நாடறிந்த செய்தி. அந்தப் பாதையின் முடிவில் எம் மாவட்டம் கண்டவற்றையும் நாம் அறிவோம்.

இனி இரண்டாவது செயல். 1974 இல் மாவட்டப் பங்கீடு வந்தது. மாவட்டத்தின் மக்கட்தொகைக்கு ஏற்ப அனுமதியைப் பகிர்வது அதன் கருத்து. அது மொழிவழித் தரப்படுத்தலை நீக்கிவிட்டு வரவில்லை. அதன்மேல் ஏற்றி வைக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து மாணவன் ஒரே வேளையில் இரு சுமைகளைச் சுமந்தான். இரண்டும் ஒரே பெயரில் நினைவில் நின்றுவிட்டதற்குக் காரணம் அதுவே.

விளைவை எண்களிற் காண்போம். 1969 இல் நாட்டு மக்களுள் ஏறத்தாழ 7 வீதத்தினரைக் கொண்ட வட மாகாணம், விஞ்ஞானத் துறைகளுக்குச் சென்ற மாணவருள் 27.5 வீதத்தினரை அனுப்பியது. 1974 இல் அது 7 வீதமாயிற்று. யாழ்ப்பாணத்து மேடைகளில் இவ்வெண்ணை அடிக்கடி கேட்டிருக்கிறோம். அதே பட்டியலின் மற்ற வரியை எவரும் சொல்லக் கேட்டதில்லை. மக்களுள் 26 வீதத்தினரைக் கொண்ட மேல் மாகாணம் 1969 இல் 67.5 வீத இடங்களைக் கைக்கொண்டிருந்தது. 1974 இல் அது 27 வீதமாகச் சரிந்தது. ஆக, 1969 இல் விஞ்ஞானக் கல்வி இரண்டு மாகாணங்களின் சொத்தாய் இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அவ்விரண்டிலிருந்தும் சென்றனர். மொனராகலையின் சேனைப் பயிர்ச்செய்கையாளன் மகனுக்கும், நுவரெலியாவின் தோட்டத் தொழிலாளி மகளுக்கும், மட்டக்களப்பின் வயற்கூலி பிள்ளைக்கும், எஞ்சிய ஐந்தில் எவ்வளவு கிடைத்திருக்கும்?

மன்னாரும் வவுனியாவும் வட மாகாணத்தவைதாமே, அந்த 27.5 வீதத்தில் அவற்றுக்கும் பங்கிருந்ததே எனச் சிலர் வாதிடலாம். ஏட்டில் இருந்தது. அவ்விடங்களைப் பெற்றவை பெரும்பாலும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கல்லூரிகள். மன்னார்ப் பிள்ளை பொறியியலாளனாக வேண்டுமெனில் யாழ்ப்பாணத்தில் விடுதிக் கட்டணம் செலுத்திப் படிக்க வேண்டும். அப்படிச் செலுத்தக்கூடிய குடும்பங்கள் பள்ளிமுனையில் எத்தனை?

1977 இல் ஆட்சி மாறியபின் மொழிவழித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்டப் பங்கீடு பல திருத்தங்களுடன் நிலைத்தது. மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் தகுதி வரிசைப்படியும், 55 வீதம் மாவட்டங்களின் மக்கட்தொகைப்படியும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கெனவும் பகிரப்படும் முறை அதன் பின்னர் வேரூன்றியது. மன்னார் அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. 2001 முதல் இசட் புள்ளி என்னும் கணிப்பு முறையும் வந்து சேர்ந்தது.

ஆகவே, எம் மாணவிக்கு இடம் கொடுத்த முறையும், 1970 இல் தமிழ் மாணவருக்கு 250 கேட்ட முறையும் ஒன்றல்ல. ஒன்று பிறப்பைப் பார்த்தது; மற்றது படித்த இடத்தைப் பார்க்கிறது. முதலாவது போய்ப் பல பத்தாண்டுகள் ஆயின. இரண்டாவதன்கீழ் இன்று நன்மை பெறுவோருள் மன்னார், முல்லைத்தீவு, மட்டக்களப்புத் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளும் உளர். அனுராதபுரம், அம்பாந்தோட்டைச் சிங்களப் பிள்ளைகளும் உளர். கொழும்புப் பெருங்கல்லூரிச் சிங்கள மாணவனுக்கு உயர்ந்த வெட்டுப்புள்ளி கேட்கும் முறையை இனப் பாகுபாடு என்று எப்படி அழைப்பது?

“அப்படியாயின் தகுதிக்கு மதிப்பில்லையா?” என்று கேட்பர். கேட்கட்டும். தகுதி என்பது யாது என்று நாமும் கேட்போம்.

யாழ்ப்பாணத்தாரின் கல்விச் சிறப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அது உழைப்பால் வந்தது. ஆனால் அவ்வுழைப்புக்குக் களம் அமைத்த வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்க மிசனரிமார் 1816 இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினர். 1823 இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விச் செமினரியைத் தொடங்கினர். அவர்களோடு போட்டியிட்டுச் சைவப் பெரியாரும் பாடசாலைகளை எழுப்பினர். நூற்றைம்பது ஆண்டுகளாகச் சேர்ந்த முதல் அது. நிலத்தில் தேடிய முதலைப் போலவே அதுவும் தந்தையிடமிருந்து மைந்தனுக்குக் கைமாறுகிறது.

அக்குடாநாட்டிலும் அது எல்லோர்க்கும் கைமாறவில்லை. 1930 ஆம் ஆண்டளவில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளும் மற்றோரோடு சமமாக வாங்கில் அமரலாம் என்ற சமவாசன விதி வந்தபோது, அதனைப் பொறாது பாடசாலைகளுக்கே தீ வைத்தவர்கள் இருந்தனர். அன்று தரையில் இருத்தப்பட்ட பிள்ளையின் புள்ளியும், வாங்கில் அமர்ந்த பிள்ளையின் புள்ளியும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டபோது, அதற்குத் தகுதி என்று பெயரிட்டார்கள். தகுதியின் பெயரால் மன்னாரைப் பழிப்போர் தமது ஊரின் இவ்வரலாற்றை முதலிற் படிக்கட்டும்.

இனி எமது வகுப்பறைக்கு வாருங்கள்.

இந்நாட்டில் எல்லாப் பாடசாலைகளிலும் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் இல்லை. அவை உள்ளவை 1ஏபி என வகைப்படுத்தப்பட்ட பாடசாலைகள். அவற்றுக்கு வெளியே படிக்கும் பிள்ளை, விஞ்ஞானம் பயில வேண்டுமானால் ஊரை விட்டுப் போக வேண்டும். போக இயலாதவன் கலைப்பிரிவை ‘விரும்பித் தெரிவு’ செய்கிறான். நாமே அதற்குச் சான்று. தமிழின்மீது கொண்ட காதலாற் கலைப்பீடம் சென்றோம் என்று மேடையிற் சொல்லிக்கொள்கிறோம், அது பொய்யன்று. ஆயினும் எம்முடன் படித்தவர்களிற் சிலர், கணிதத்தில் எம்மை வென்றவர்கள், ஆசிரியர் இல்லாத காரணத்தால் கணிதத்தைக் கைவிட்டு எம் அருகில் வந்து அமர்ந்தார்கள் என்பதும் பொய்யன்று. அவர்கள் எந்த வெட்டுப்புள்ளிப் பட்டியலிலும் தோற்றவர்களாகக் காணப்படார். போட்டிக்கே வராதவர்களை எந்தப் புள்ளிவிவரம் எண்ணும்?

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் உயர்தர மாணவன் பாடசாலையிற் படிப்பதைவிடப் பிரத்தியேக வகுப்பிற் படிப்பதே அதிகம். பேர்பெற்ற ஆசிரியர் ஒருவர் பெரிய மண்டபத்தில் ஒலிபெருக்கி வைத்துப் பௌதிகவியல் படிப்பிப்பார். எம் ஊர் மாணவன் அதே ஆசிரியரின் அச்சிட்ட குறிப்பை, இரண்டு கை மாறியபின், படியெடுத்துப் படிப்பான். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை ஒரே நாளில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. எமது கடற்றொழிலாளரின் சிறுபடகு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. படகு கரையில் நின்ற நாள்களில் வீட்டில் முதலில் நின்றுபோன செலவு பிள்ளையின் வகுப்புக் கட்டணம். அவ்வாண்டு அப்பிள்ளை பெற்ற புள்ளியிற் பாதி அவனுடைய அறிவின் அளவு. மற்றப் பாதி எரிபொருளின் விலை.

போர்க்காலத்தை நினைப்போருக்கு இது புதுமையன்று. 1990 இல் தலைமன்னார்ப் புகையிரதம் நின்றது. கால் நூற்றாண்டு கழித்து, 2015 இலேயே மீண்டும் ஓடியது. தீவை நிலத்தோடு இணைத்த பாலம் தகர்ந்து, புதிய பாலம் 2010 இலேயே திறக்கப்பட்டது. அதே 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட எருக்கலம்பிட்டி, தாராபுரம் முஸ்லிம் பிள்ளைகள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் இருந்து படித்தார்கள். இத்தனைக்கும் நடுவில் ஒரு பிள்ளை பெற்ற 60 புள்ளியும், பரீட்சைக் காலத்தில் பால் கொடுத்து, விசிறி போட்டு, வாகனத்தில் ஏற்றிச் செல்லப்பட்ட பிள்ளை பெற்ற 70 புள்ளியும் எதிரெதிரே நிற்கையில், எது கூடியது என்று எண் கணிதம் மட்டும் அறிந்தவனாற் சொல்ல முடியாது.

இதற்கு மறுப்பாக, அண்மைக் காலத்தில் அமெரிக்காவைக் காட்டுகின்றனர். அங்குள்ள ஆசிய வம்சாவளி மாணவர் உயர்ந்த புள்ளி பெற்றும் ஹாவார்ட் போன்ற பல்கலைக்கழகங்களால் ஒதுக்கப்பட்டனர், வழக்குத் தொடுத்தனர், 2023 யூன் 29 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இனத்தைக் கருதும் அனுமதி முறையைத் தகர்த்தது, ஆகவே எல்லாப் பங்கீடும் தவறு என்பது அவர்களின் வாதம். அந்தக் கதையை முழுமையாகச் சொல்வோம்.

1922 இல் ஹாவார்டின் தலைவராய் இருந்த லோவெல், யூத மாணவரின் தொகை பெருகுவதைக் கண்டு, அதற்கு வரம்பு கட்ட முனைந்தார். பரீட்சையில் யூதரை வெல்ல முடியாது. எனவே ‘குணநலன்’ என்றொரு புதிய அளவுகோல் அனுமதிக்குள் நுழைந்தது. நூறாண்டு கழித்து, ஆசிய மாணவருக்கு ‘ஆளுமை’ மதிப்பெண் குறைத்து வழங்கப்படுகிறது என்ற குற்றச்சாட்டு நீதிமன்றம் ஏறியது. திட்டமிட்ட பாகுபாடு மெய்ப்பிக்கப்படவில்லை என 2019 இல் கீழ் நீதிமன்றம் கூறியது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆனால் அவ்வழக்கில் வெளியான தரவுகளிலிருந்து ஆய்வாளர் எடுத்துக் காட்டிய இன்னொரு செய்தியை இங்குள்ள தகுதிவாதிகள் வாசிப்பதேயில்லை. அங்கு அனுமதி பெற்ற வெள்ளை இன மாணவருள் 43 வீதத்துக்கு மேற்பட்டோர், விளையாட்டு வீரராகவோ, பழைய மாணவரின் அல்லது ஆசிரியரின் பிள்ளைகளாகவோ, நன்கொடையாளரோடு தொடர்புடைய சிறப்புப் பட்டியலில் உள்ளோராகவோ இருந்தனர். 2023 இன் தீர்ப்பு, கறுப்பின மாணவனுக்குத் திறந்திருந்த கதவைச் சாத்தியது. பழைய மாணவரின் பிள்ளைக்கான பின்கதவை அது தொடவில்லை.

நாம் பெறும் பாடம் தெளிவானது. திறமையுள்ள சிறுபான்மை மாணவன் வாயிலுக்கு வரும்போது, வாயில் காப்போன் அளவுகோலை மாற்றுகிறான். அது 1922 இன் ஹாவார்டிலும் நடந்தது. 1970 இன் கொழும்பிலும் நடந்தது. அதை எதிர்க்க வேண்டும். எதிர்த்தவர்கள் பக்கம் நாம் நிற்கிறோம். அதே மாணவனின் கண்ணீரைக் காட்டி, அவனிலும் ஏழையானவனை வாயிலிலிருந்து விரட்டுவது வேறு செயல். அதற்கு நாம் துணை போகோம்.

இனி, எம் மாணவியை நோகடித்த அந்த யாழ்ப்பாணப் பெண்ணின் அண்ணனிடம் வருவோம். அவனை நாம் மறக்கவில்லை. அவனும் இராப்பகலாய்ப் படித்தவன். அவன் தந்தை எழுதுவினைஞராகவோ தோட்டக்காரராகவோ இருக்கலாம். கடன் பட்டுப் படிப்பித்திருக்கலாம். ஓர் அணுவளவு இசட் புள்ளியால் இடம் இழந்தான். அவன் துயரம் பொய்யன்று. இழப்பு உண்மை, ஆனால் இழப்புக்கு அவன் காட்டும் காரணம் பிழை.

எண்ணிப் பாருங்கள். பின்தங்கிய மாவட்டங்கள் அனைத்துக்குமாகச் சேர்த்து வைக்கப்பட்டவை நூற்றில் ஐந்து இடங்கள். பல்கலைக்கழகத்துக்குத் தகுதி என்று அரசாங்கமே சான்றளித்த மாணவருள் ஏறத்தாழ நான்கில் மூவர் ஆண்டுதோறும் வெளியே நிற்கின்றனர். அந்த ஐந்தையும் நாளையே பறித்துக் கொடுத்தாலும் வெளியே நிற்கும் கூட்டம் குறையுமா? பசித்த பத்துப் பேருக்கு இரண்டு அப்பத்தை வைத்துவிட்டு, யார் கையிலிருந்து யார் பறித்தார் என்று அவர்களைச் சண்டையிட விடுவது ஆள்வோரின் பழைய தந்திரம். அப்பம் ஏன் இரண்டு என்று கேட்பவனை அவர்கள் அஞ்சுவர். கன்னங்கரா காலத்தில், 1945 இல், இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, அது மழலை வகுப்பு முதற் பல்கலைக்கழகம் வரை எல்லோர்க்கும் என்று வாக்களிக்கப்பட்டது. அவ்வாக்கின் கடைசிப் படியே இன்றுவரை குறுகியதாய் வைக்கப்பட்டிருக்கிறது.

செல்வந்தனின் பிள்ளையோ இந்த வரிசையில் நிற்பதேயில்லை. அவன் வெட்டுப்புள்ளி பெறாவிடின் விமானம் ஏறுகிறான். மாலபேயில் தனியார் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டபோது, பணமே வெட்டுப்புள்ளியாவதை எதிர்த்து மாணவர் ஆண்டுக்கணக்கிற் போராடினர். 2017 இல் அதனை ஒழிப்பதாக அரசு அறிவிக்க நேர்ந்தது. மன்னார்ப் பிள்ளையின் ஐந்து வீதத்தைக் கண்டு தகுதி செத்துவிட்டது என்று புலம்பியோர், கட்டணம் செலுத்திப் பட்டம் பெறுவோரைக் கண்டு அவ்வாறு புலம்பியதை நாம் கேட்கவில்லை.

இவ்வளவு சொன்னபின், நடைமுறையில் உள்ள மாவட்டப் பங்கீடு குற்றமற்றது என்று சாதிக்க நாம் வரவில்லை. அதன் குறைகளை மற்றவரினும் அறிந்தவர்கள் அதன்கீழ் வாழும் நாமே.

மாவட்டம் என்பது மிகப் பெரிய அளவு. மன்னார் மாவட்டத்தில் மன்னார் நகரம், மாந்தை மேற்கு, மடு, நானாட்டான், முசலி என ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள் உள. மாவட்டத்துக்கு என்று வந்த இடம், மடுவிலோ முசலியிலோ உள்ள பிள்ளைக்குப் போவது அரிது. நகரத்துக் கல்லூரிப் பிள்ளைக்கே பெரும்பாலும் போகிறது. கொழும்புக்கும் மன்னாருக்கும் இடையில் உள்ள வேற்றுமையே, சிறிய அளவில், மன்னார் நகருக்கும் முசலிக்கும் இடையில் இருக்கிறது. நுவரெலியாவில் இவ்வேற்றுமை இன்னும் கொடியது. அம்மாவட்டம் பின்தங்கியது என வகுக்கப்பட்டதற்குத் தோட்டத்து லயன் பிள்ளையின் நிலையும் காரணம்; ஆனால் அவ்விடங்களைக் கைப்பற்றும் போட்டியில் அவன் நகரப் பாடசாலைப் பிள்ளையோடு மோத வேண்டும்.

மேலும், வெளிமாவட்டத்து வசதி படைத்த பெற்றோர் தம் பிள்ளையைப் பின்தங்கிய மாவட்டத்தில் பெயரளவிற் பதிந்து, பாடம் முழுவதையும் சொந்த ஊரின் பிரத்தியேக வகுப்பிற் படிப்பித்து, பரீட்சைக்கு மட்டும் அழைத்துவரும் வித்தையும் உண்டு. இப்பிள்ளை பெறும் இடம் உண்மையில் பறிக்கப்பட்ட இடம். பறிக்கப்பட்டவர் எம் ஊர்ப் பிள்ளை. இதற்குக் கண்ணை மூடிக்கொள்ளும் ஆசிரியர்களும் எம்முள் உளர் என்பதை வெட்கத்தோடு எழுதுகின்றோம்.

அளவுகோலைத் திருத்த வழி இல்லாமல் இல்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டைப் பாருங்கள். 2017 இல், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வில் 1200 இற்கு 1176 மதிப்பெண் பெற்ற அரியலூர் மாவட்டத்து அனிதா என்னும் தொழிலாளியின் மகள், நீட் என்ற ஒற்றைத் தேர்வின் முன் மருத்துவ இடம் இழந்து உயிர் துறந்தாள். பணம் கொடுத்துப் பெறும் பயிற்சிக்கு ஏற்ப வகுக்கப்பட்ட அளவுகோல் எத்தகைய தகுதியை அளந்தது என்று அந்நாடே கேட்டது. 2020 இல் அம்மாநில அரசு, ஆறாம் வகுப்பு முதற் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிற் படித்தோருக்கு மருத்துவ இடங்களில் 7.5 வீத உள் ஒதுக்கீடு செய்தது. அதுவும் முழு மருந்தன்று. ஆயினும் அது மாணவனின் மாவட்டத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் அவன் படித்த பள்ளியையே பார்க்கிறது. நமக்கும் அவ்வழி வேண்டும்.

எனவே நாம் கேட்பவை இவை. பின்தங்கிய மாவட்டத்தை மட்டும் பாராது, பின்தங்கிய பாடசாலையையும் குடும்பத்தையும் பார்க்கும் அனுமதி முறை வேண்டும். பெயரளவுப் பதிவுகள் கண்டுபிடித்து நீக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும், ஆசிரியரும் ஆய்வுகூடமும் உள்ள உயர்தர விஞ்ஞானப் பிரிவு ஒன்றேனும் வேண்டும். அனைத்துக்கும் மேலாக, பல்கலைக்கழக இடங்கள் பெருக வேண்டும். யாழ்ப்பாணத்தின் அந்த அண்ணனுக்கும் மன்னாரின் இத்தங்கைக்கும் பொதுவான கோரிக்கை இந்தக் கடைசிக் கோரிக்கையே. அதற்காக இருவரும் ஒரே ஊர்வலத்தில் நடக்கலாம்.

1974 இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டபோது அதன் முதல் தலைவராய் அமர்ந்தவர் பேராசிரியர் கைலாசபதி. அவ்வளாகத்தை அரசின் ஏமாற்று வித்தை என்று சிலர் அன்று எதிர்த்தனர். இன்று வடபுலத்துப் பிள்ளைகள் பல்லாயிரவர்க்கு அது கல்விக்கூடம். அதன் கிளையாய் வளர்ந்த வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கதவுகள் பெருகினால் எவர் இடமும் பறிபோவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் மாணவர் ‘கோட்டா’ என்ற சொல்லைக் கேட்டு வீடு திரும்பும்போது ஆறுதல் சொல்லி அனுப்பாதீர்கள். வரலாற்றைச் சொல்லி அனுப்புங்கள். 250 உம் 229 உம் எவ்வாறு வந்தன என்பதையும் சொல்லுங்கள், 67.5 உம் 27.5 உம் எவ்வாறு இருந்தன என்பதையும் சொல்லுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்காதீர்கள். மாணவத் தோழர்களே, உங்களுக்கு முன்னே நிற்பவன் எத்தனை புள்ளி பெற்றான் என்று பார்க்கும்போது, எங்கிருந்து நடந்து வந்தான் என்றும் பாருங்கள்.

எம் மாணவியின் கேள்விக்கு இனி விடை கூறலாம். இல்லை மகளே, நீ எவர் இடத்தையும் பறிக்கவில்லை. உனக்கு முன் இவ்வூரிற் பிறந்து, உன்னைப்போலவே கணக்குத் தெரிந்திருந்தும், கணித வகுப்பையே காணாமற் கடலுக்குப் போனவர்கள் பலர். அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டிருந்த இடங்களில் ஒன்று, பிந்தியேனும், பள்ளிமுனைக்குத் திரும்பி வந்திருக்கிறது. அதில் நிமிர்ந்து அமர்ந்து படி.